படுவான்கரையில் ஓடுமா? பேரிடர் மென்பொருளும் உள்ளமைவின் எளிமையும்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையைத் தாக்கியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி, கல்லடி, காத்தான்குடி போன்ற ஊர்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் அடைக்கலம் தேடினார்கள். இறந்தவர் யார், காணாமற் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது? இக்கேள்விகளுக்கு நாட்டில் எங்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கக் கொழும்பில் சில நாட்களுக்குள் தன்னார்வ நிரலாளர்கள் எழுதத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள்தான் சஹானா. சஞ்சீவ வீரவரண முதலானோர் 2003இல் தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதற்குத் தளமாக இருந்தது. அரசின் தேசிய நடவடிக்கை மையம் அதைப் பயன்படுத்தியது. காணாமற் போனோர் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, முகாம் பதிவேடு, தேவைகளைக் கோரும் பகுதி ஆகியவை அதன் முதல் உறுப்புகள். இன்று வரையான அதன் வரலாற்றை வழக்கமாக மனிதநேயப் பணியின் கதையாகவே சொல்வார்கள். அதை இங்கே வேறொரு பக்கத்திலிருந்து படிக்கிறேன்: ஒரு மென்பொருளைக் கட்டி நிறுவி உள்ளமைக்கும் வழி எவ்வளவு எளிது என்பதே, அந்த மென்பொருள் கடைசியில் யாருடையதாகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. திறந்த மூல உரிமம் திருத்துவதற்கான அனுமதியை எல்லோருக்கும் சமமாகத் தருகிறது. அதைப் பயன்படுத்தும் வாய்ப்பை பில்ட் உள்ளமைவு சமமாகப் பங்கிடுவதில்லை.

பொது வாசகருக்கு முதலில் ஒரு விளக்கம். மூலநிரல் என்பது மனிதர் எழுதிய உரை. அதை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலைகளின் தொடரைத் துறையினர் ‘பில்ட்’ என்கிறார்கள். எந்த நிரல் நூலகங்கள் வேண்டும், எந்த அம்சத்தைச் சேர்ப்பது, எதை விடுவது, தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்பவற்றைச் சொல்லும் கோப்புகள் உள்ளமைவு. பயனர் இவற்றைப் பார்ப்பதில்லை. எழுதியவர்களும் ஒருமுறை வேலை செய்துவிட்டால் மறுபடி தொட விரும்புவதில்லை. அதனால் இங்கே சேரும் சிக்கல் நீண்ட காலம் தங்கிவிடுகிறது. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய ‘மேக்’ என்ற கருவி ஒவ்வொரு கட்டளை வரியும் டாப் எழுத்தில் தொடங்க வேண்டும் என்று கேட்டது. கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரியும் அந்த எழுத்தால் வரும் குழப்பத்தை அவர் சீக்கிரமே உணர்ந்தார். ஆனால் அதற்குள் பன்னிரண்டு பேரளவில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களுடைய கோப்புகள் கெட்டுவிடக் கூடாதென்று அப்படியே விட்டுவிட்டார். அந்தச் சிலருக்குக் காட்டிய கரிசனத்தின் விலையை அரை நூற்றாண்டாக உலகமே செலுத்திக்கொண்டிருக்கிறது. 1991இல் வந்த ஓட்டோகொன்ஃப், வேறுபட்ட யுனிக்ஸ் கணினிகளில் ஒரே நிரலை ஓட்டும் உண்மையான சிக்கலைத் தீர்த்தது. ஆயினும் அது பிறப்பிக்கும் பல்லாயிரம் வரி ஷெல் நிரலை எவரும் வாசிப்பதில்லை. இந்த ‘எவரும் வாசிப்பதில்லை’ என்பதற்குப் பின்னர் திரும்பி வருவேன்.

சஹானாவின் முதல் வடிவம் அவசரத்தில் பிறந்தது. இலங்கையின் ஆழிப்பேரலைக்கென்றே எழுதப்பட்டதால், அந்தப் பேரிடரின் விவரங்கள் நிரலோடு பின்னிக் கிடந்தன. வேறு நாட்டில் வேறு பேரிடருக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் நிரலையே வெட்டித் திருத்த வேண்டும். எனவே 2005இல் சுவீடனின் சீடா நிறுவன உதவியுடன் அது மறுபடி முதலிலிருந்து எழுதப்பட்டது. அக்குழுவை முன்னின்று நடத்தியவர்களில் சமிந்திர டி சில்வா முக்கியமானவர். இரண்டாவது வடிவத்தில் உறுப்புகள் தனித்தனித் தொகுதிகளாயின. வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை விலக்கலாம். 2005 ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டு யோக்யகர்த்தா நிலநடுக்கம் என்று அது பயணப்பட முடிந்ததற்கு இந்தப் பிரிப்புத்தான் அடிப்படை. சமூக நலத் திட்டத்துக்கான ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் விருது 2006ஆம் ஆண்டுக்காக அதற்குக் கிடைத்தது. எனினும் அதை ஓட்ட அபாச்சி இணைய வழங்கியும் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் ஒன்றோடொன்று பொருந்தி ஓட வேண்டும். இந்த மூன்றையும் இணைத்து நிறுத்தத் தெரிந்தவர் கொழும்பில் எளிதாகக் கிடைப்பார். வெள்ளம் சூழ்ந்த ஒரு பிரதேச செயலகத்தில் கிடைப்பாரா?

இக்கேள்விக்கான மிக நேர்மையான பதிலை அடுத்த தலைமுறையான சஹானா ஈடனில் காண்கிறேன். ஃப்ரான் பூன் முன்னின்று பைதன் மொழியில் உருவாக்கிய இது, 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது களத்துக்கு வந்தது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அடித்தளம் வெப்2பை. அமெரிக்காவின் டிபோல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மாசிமோ டி பியேரோ கற்பித்தலுக்காக 2007இல் வெளியிட்ட இச்சட்டகத்தில் இணைய வழங்கியும் எஸ்கியூலைட் தரவுத்தளமும் உள்ளேயே இருந்தன. சுருக்கப்பட்ட கோப்பை விரித்து, ஒரு கட்டளை கொடுத்தால் போதும். யூஎஸ்பி குச்சியிலிருந்தே ஓடும். அதைவிட வேகமான சட்டகங்களும் அதிகம் பேசப்பட்ட சட்டகங்களும் அக்காலத்தில் இருந்தன. வகுப்பறையில் மாணவர் முதல் மணி நேரத்தை நிறுவலில் வீணாக்கக் கூடாது என்ற அதே நோக்கம், முகாமில் அலுவலர் முதல் நாளை நிறுவலில் வீணாக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு ஒத்துப்போனது. இந்தத் தேர்வு தற்செயலாக அமைந்ததாக நான் கருதவில்லை.

ஈடனின் உள்ளமைவில் மூன்று முடிவுகள் நின்று கவனிக்கத்தக்கவை. முதலாவது, நிறுவுபவர் தொட வேண்டியவை ஒரே கோப்பில் சேர்க்கப்பட்டன. அந்தக் கோப்பு முதல் ஓட்டத்திலேயே மாதிரியிலிருந்து தானாகப் படியெடுக்கப்படும். அதில் ‘திருத்தி முடித்துவிட்டேன்’ என்று பொருள்படும் ஒரு மாறி ‘பொய்’ என்ற மதிப்போடு நிற்கும். நிறுவுபவர் கோப்பைத் திறந்து அதை ‘மெய்’ ஆக்கும்வரை மென்பொருள் வேலையைத் தொடங்காது. இது ஒரு தடையாகத் தோன்றலாம். ஆனால் படிக்காமலே கடந்துபோகும் இயல்பு உள்ளவரை ஒரு நிமிடம் நிறுத்தி, அவர் எடுக்க வேண்டிய முடிவுகள் இவைதான் என்று காட்டுகிறது. இரண்டாவது, சார்புகளைத் தரம் பிரித்தது. இல்லாவிட்டால் ஓடவே முடியாத நூலகங்கள் ஒரு பட்டியலில். இல்லாவிட்டால் ஏதோ ஒரு வசதி மட்டும் கிடைக்காத நூலகங்கள் இன்னொரு பட்டியலில். தொடக்கத்தில் ஒரு சிறு நிரல் இரண்டையும் சோதித்து, முன்னதில் குறை இருந்தால் நிறுத்தும். பின்னதில் குறை இருந்தால், பிடிஎஃப் ஏற்றுமதி வேலை செய்யாது, எக்செல் கோப்பைப் படிக்க முடியாது என்று இழப்பைப் பெயர் சொல்லி எச்சரித்துவிட்டுத் தொடரும். முகாமில் பெயர் பதிவதற்கு பிடிஎஃப் தேவையில்லை. அந்த நூலகம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பதிவே நின்றுபோகக் கூடாது என்று யோசித்த ஒருவர் இந்த நிரலுக்குப் பின்னால் இருக்கிறார்.

மூன்றாவது முடிவு வார்ப்புருக்கள். எந்த நாடு, எந்த நிறுவனம், எந்தத் தொகுதிகள், எந்த நிறம் என்பவை மைய நிரலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அடைவுகளுக்குப் போயின. உள்ளமைவுக் கோப்பில் வார்ப்புருவின் பெயரை ஒரு வரியில் சொன்னால் போதும். இடங்களின் படிநிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையில் மாகாணம், மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று நிர்வாகம் இறங்குகிறது. வேறொரு நாட்டில் பெயரும் வேறு, படிகளின் எண்ணிக்கையும் வேறு. ஈடனில் இந்தப் படிகளும் அவற்றின் பெயர்களும் அமைவுகள். மட்டக்களப்பின் மண்முனை வடக்கு என்பதைப் பிரதேச செயலாளர் பிரிவாகவே பதிய, மைய நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட், பாணிக் கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கும் வேலையையும் ஒரே பைதன் நிரல் கவனித்தது. பிழைதிருத்த நிலையில் வைத்தால் அந்தச் சுருக்கும் படியே தேவைப்படாது, கோப்புகள் எழுதியபடியே ஏற்றப்படும். அதாவது ஒரு சொல்லைத் திருத்த வந்த புதியவர் பில்ட் என்ற ஒன்று இருப்பதையே அறியாமல் தொடங்கலாம்.

இங்கே ஈடனைப் புகழ்வதோடு நின்றுவிட முடியாது. வார்ப்புரு என்பது வெறும் மதிப்புகளின் பட்டியலாக இருக்கவில்லை. அதுவும் பைதன் நிரல். எதையும் செய்யலாம் என்ற சுதந்திரத்தால் பெரிய நிறுவனங்களின் வார்ப்புருக்கள் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு வளர்ந்து, உள்ளமைவுக்கும் நிரலுக்கும் இடையே போட்ட கோட்டை மறுபடி அழித்தன. தரவுத்தள அட்டவணைகளைத் தானாக மாற்றும் அமைவும், முதல் தரவை நிரப்பும் அமைவும் எப்போது இயங்க வேண்டும், எப்போது நிறுத்தப்பட வேண்டும் என்பதை நிறுவுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. முதல் நாளில் சரியான மதிப்பு மறுநாள் தவறான மதிப்பாகும் அமைவு, எவ்வளவு சிறியதாக இருந்தாலும் எளிமையானது ஆகாது. கோப்பின் நீளத்தைக் குறைப்பது எளிமைப்படுத்தலின் ஒரு பகுதிதான். நிறுவுபவர் தலையில் சுமக்க வேண்டியதைக் குறைப்பதே அதன் கடினமான பகுதி.

தடை குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டக்களப்பிலேயே சான்று உண்டு. 2012 இறுதியில் உலக வங்கியும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து தொடங்கிய ‘ஓப்பன் சிட்டீஸ்’ திட்டத்தில், மண்முனை வடக்குப் பிரிவின் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் சேர்க்கப்பட்டன. வெள்ளமோ சூறாவளியோ வந்தால் எது தாங்கும் என்று மதிப்பிட உதவும் கட்டட விவரங்களும் திரட்டப்பட்டன. 1978 நவம்பர் 23 சூறாவளியை மறக்காத ஊருக்கு இந்த விவரங்களின் அருமை தெரியும். இந்த வரைபட உலகின் கருவிகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். வரைபடத்தைத் திருத்தும் ஜோசம் ஒரே கோப்பாக வருகிறது. புதிய வகைக் கட்டடத்துக்கோ கூரைக்கோ ஒரு படிவம் வேண்டுமென்றால் எக்ஸ்எம்எல் கோப்பொன்றை எழுதிச் சேர்த்தால் போதும், எதையும் தொகுக்க வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற பெரிய வரைபட மென்பொருளின் மையம் சி++ மொழியில் எழுதப்பட்டு சீமேக் வழியாகத் தொகுக்கப்படுகிறது. அது கனமான வேலை. ஆனால் அதன் செருகுநிரல்களைப் பைதனில் எழுதலாம், அவற்றுக்குத் தொகுத்தல் தேவையில்லை. இந்தோனேசியாவின் பேரிடர் முகாமை அமைப்பும் அவுஸ்திரேலிய அரசும் உலக வங்கியும் சேர்ந்து உருவாக்கிய இனாசேஃப், வெள்ளத்தால் எத்தனை கட்டடம் பாதிக்கப்படும் என்று கணக்கிடுவது, அப்படியொரு செருகுநிரல்தான். கடினமான பில்ட் தேவைப்படும் பகுதிக்கும் உள்ளூர் அறிவு நுழைய வேண்டிய பகுதிக்கும் நடுவே ஒரு தெளிவான எல்லை போட்டதால்தான் ஒரு நாட்டின் பேரிடர் அலுவலகம் தனக்கு வேண்டிய கருவியைப் பிறருடைய பெரிய மென்பொருளின்மேல் கட்ட முடிந்தது.

இதற்கு அனுபவமுள்ள பொறியாளர்கள் சொல்லும் முதல் மறுப்பு: சிக்கலை ஒழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். கோப்பு சிறுத்தால் அந்தக் கோப்பைப் படிக்கும் நிரல் பெருக்கும். இது உண்மை, ஆனால் இடமாற்றம்தானே என்று தள்ளிவிடுவது சரியில்லை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் வாவியைக் கடக்கப் ‘பாதை’ என்று தாங்கள் அழைக்கும் மிதவைக்குக் காத்திருந்தார்கள். பாலம் கட்டியதால் வாவியின் அகலம் குறையவில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் பட்ட சிரமத்தை, வசதியும் திறனும் உள்ளவர்கள் ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டார்கள். சார்புகளைத் தரம் பிரித்துச் சோதிக்கும் அந்தச் சிறு நிரலை எழுத ஒருவருக்குச் சில நாள் வேலை பிடித்திருக்கும். அதை எழுதாமல் விட்டிருந்தால் அந்த வேலை நிறுவும் ஒவ்வொருவர் தலையிலும், அதுவும் பேரிடரின் நடுவில், விழுந்திருக்கும். சிக்கலைத் தாங்கக் கூடியவரிடம் அதைச் சேர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்று அதிகம் கேட்கப்படுவது: டொக்கர் போன்ற கொள்கலன்கள் வந்துவிட்டன, இணைய மேகத்தில் யாரோ ஓட்டித் தருவார்கள், இனி உள்ளமைவைப் பற்றி ஏன் கவலை? கொள்கலன், சிக்கலைக் கலைக்காமல் அப்படியே அடைத்து முத்திரையிட்டுத் தருகிறது. ஓட்டுவது எளிது, உள்ளே ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் முத்திரையை உடைத்து முழு பில்டையும் அறிந்திருக்க வேண்டும். பல நூறு மெகாபைட் படிமங்களை இறக்க நல்ல இணைப்பும் வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் ஊர்கள் தரைவழித் தொடர்பிழந்து கிடந்ததை நினைத்துப் பார்த்தால், இணைப்பு இருக்கும் என்று எண்ணித் திட்டமிடுவது, பேரிடர் வராது என்று எண்ணித் திட்டமிடுவதற்கு ஒப்பாகும். மேகத்தில் ஓட்டுவதைப் பற்றிய என் கவலை இன்னும் ஆழமானது. 2006–2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பல்லாயிரக்கணக்கானோர் போரால் இடம்பெயர்ந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் எந்தக் குடும்பம் எந்த முகாமில் இருக்கிறது என்ற பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. தன் மக்களின் பட்டியலைத் தன் அலுவலகக் கணினியில் தானே வைத்திருக்க ஓர் ஊருக்கு வழி இருக்க வேண்டும். நிறுவும் வழி கடினமாக இருந்தால் அந்த வழி ஏட்டளவில்தான் இருக்கும். நடைமுறையில் பட்டியல், நிறுவத் தெரிந்தவரிடம் போய்ச் சேரும்.

மூன்றாவது மறுப்பை நான் அதிகம் மதிக்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் பில்ட் முறையை மாற்றுவது, பழகியவர்களின் அறிவை ஒரே நாளில் செல்லாததாக்குகிறது, எளிமை என்ற பெயரில் புதிய குழப்பமே வருகிறது. வரலாற்றில் இதற்கு இரு பக்கமும் சான்று இருக்கிறது. லினக்ஸ் கருவின் உள்ளமைவு முறையை எரிக் ரேமண்ட் பைதனில் முழுமையாக மாற்றி எழுதிய சிஎம்எல்2, அந்தச் சமூகத்தில் ஏற்கப்படவில்லை. கருவைக் கட்டவே பைதன் வேண்டும் என்ற புதிய சார்பும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றும் போக்கும் எதிர்ப்பைக் கிளப்பின. 2002 ஒக்டோபரில் ரோமன் சிப்பெலின் சிறிய, சி மொழியில் எழுதப்பட்ட கேகொன்ஃபிக் ஏற்கப்பட்டு, இன்றும் நிலைத்திருக்கிறது. லினக்ஸ் கணினிகளுக்கான மேசைச் சூழலை உருவாக்கும் கேடிஈ திட்டமோ எதிர்ப்பக்கச் சான்று. ஓட்டோகொன்ஃபை உள்ளடக்கிய ஓட்டோடூல்ஸ் தொகுப்புக்கான அதன் கோப்புகளை விளங்கிக்கொண்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. முதலில் எஸ்கொன்ஸ் என்ற பில்ட் கருவியை முயன்று, அது அந்தப் பேரளவு நிரலைத் தாங்காது என்று கண்டு, 2006இல் சீமேக்குக்கு மாறினார்கள். 2008 ஜனவரியில் வெளிவந்த கேடிஈ 4 அதன்மீது கட்டப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தெரிவது, மாற்றத்தின் அளவைவிட, மாற்றத்துக்குப் பிறகு எத்தனை பேரால் அந்தக் கோப்புகளை வாசித்துத் திருத்த முடிகிறது என்பதே கேள்வி என்பது. சஹானாவும் பிஎச்பியிலிருந்து பைதனுக்குத் தாவியபோது பழைய பங்களிப்பாளர் சிலரின் அறிவைப் பின்னே விட்டது. அந்த இழப்பு உண்மையானது; அதற்கு ஈடாக நிறுவுவதும் திருத்துவதும் எளிதாகாமல் போயிருந்தால் அதை நியாயப்படுத்தவே முடிந்திராது.

வாசிக்கப்படாத பில்ட் கோப்பு வெறும் அசௌகரியம் என்று இன்னும் நினைப்பவர்கள் 2024 மார்ச் 29ஐ நினைவுகூர வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து வழங்கிகளுக்குள் நுழைய வழி செய்யும் ஒரு பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் அன்று வெளிப்படுத்தினார். உள்நுழைவு அரை வினாடி தாமதிப்பது ஏன் என்று தேடியபோதுதான் அவருக்கு அது பிடிபட்டது. அந்தப் பின்கதவின் உடல் சோதனைக் கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. அதை உயிர்ப்பித்த வரிகள் பில்ட் உள்ளமைவுக்கான எம்4 கோப்பொன்றில் இருந்தன. அந்தக் கோப்பு, எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. பொதிக்குள் ஓட்டோடூல்ஸ் பிறப்பித்த கோப்புகள் களஞ்சியத்தில் இல்லாமல் இருப்பது வழக்கம் என்பதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. தாக்குபவர், எவரும் வாசிக்காத இடத்தையே தேர்ந்தெடுத்தார். காணாமற் போனோரின் பெயர்களையும் முகாம்களின் இருப்பிடங்களையும் தாங்கும் மென்பொருளுக்கு இந்தப் பாடம் இரட்டிப்பாகப் பொருந்தும். அதன் பில்ட் கோப்புகள் ஒரு மாணவர் ஒரே மாலையில் முழுவதும் வாசித்து முடிக்கக் கூடிய அளவில் இருப்பது பாதுகாப்புத் தேவை.

எனவே இத்தகைய திட்டங்களில் செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நாடு, மொழி, நிர்வாகப் படிநிலை போன்ற மதிப்புகள் நிரல் மொழியில் இல்லாமல் தரவாகவே எழுதப்பட வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் விளக்கக் குறிப்பு அதே கோப்பில், அதே வரிக்கு மேலே இருக்க வேண்டும். ஓர் அமைவுக்குப் பெரும்பாலானோருக்குப் பொருந்தும் மதிப்பு ஒன்று இருக்குமானால் அதைக் கேட்கவே கூடாது. முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் வேறு மதிப்பு கேட்கும் அமைவுகளை மென்பொருள் தானே கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர், இணைப்புத் துண்டிக்கப்பட்ட ஒரு பழைய மடிக்கணினியில், அந்தத் திட்டத்தை முன்னர் பார்த்திராத ஒருவர் அதை நிறுவி, ஒரு தமிழ்ச் சொல்லைத் திருத்தி, திருத்தத்தைத் திரையில் காணும்வரை ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். அந்த நேரம் முந்தைய வெளியீட்டைவிடக் கூடியிருந்தால், அதைப் பிழையாகப் பதிந்து, சரிசெய்யும்வரை வெளியீட்டை நிறுத்திவைக்க வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்கள் வாவியின் இரு கரைகளிலிருந்தும் வருகிறார்கள். இந்த அளவீட்டை ஒரு பாடத்திட்ட வேலையாக எடுத்துக்கொள்ள அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை, ஓர் ஆய்வுகூடமும் சில பழைய கணினிகளும் போதும். சூறாவளியும் வெள்ளமும் இந்தக் கரைக்கு வரும் பருவம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை; எனவே அந்த வேலை ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபருக்குள் முடிந்திருக்க வேண்டும்.